லோனார் பள்ளம்: குவார்ட்ஸ் இல்லாத பாறையில் விண்கல் மோதலுக்குச் சான்று எது?

வேம்படி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை நிலவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரியைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச இருக்கிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே வருகிறது.

மணலில் மிகுதியாகக் காணப்படும் கனிமமான குவார்ட்ஸின் படிகத்துக்குள் தோன்றும் நேரான இணைத் தளக் கோடுகளையும், அதே குவார்ட்ஸ் மிகு அழுத்தத்தில் மாறி உருவாகும் கோசைட், ஸ்டிஷோவைட் ஆகிய கனிமங்களையும்தான் விண்கல் மோதலின் மறுக்க முடியாத சான்றுகளாகப் பாடநூல்கள் முன்வைக்கின்றன. அரிசோனாவின் புகழ்பெற்ற பள்ளத்தில் 1960ஆம் ஆண்டு எட்வர்ட் சாவோ, யூஜீன் ஷூமேக்கர் ஆகியோர் இடம்பெற்ற குழு கோசைட்டைக் கண்டறிந்தது. அதன் பின்னரே அந்தப் பள்ளத்தின் தோற்றம் குறித்த நீண்ட வழக்கு தீர்ந்தது. அங்கே இருப்பது மணற்பாறை, எனவே குவார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. லோனாரிலோ தரை முழுவதும் தக்காணப் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அதில் குவார்ட்ஸ் இல்லையென்றே சொல்லிவிடலாம். பழைய பாடக்குறிப்புகள் சில இன்றும் அதை எரிமலைவாய் என்றே எழுதிவருகின்றன.

அப்படியிருக்க, லோனார் விண்கல் மோதிய பள்ளம்தான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? செவ்வாயையும் நிலவையும் ஆராயும் கோள் நிலவியலாளர்கள் இந்த ஏரிக்கரைக் கற்களைத் தேடி வருவதன் காரணம் என்ன? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கருங்கல் மறுமொழி:

வணக்கம். வடிவத்தை மட்டும் வைத்து எந்தப் பள்ளத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1890களில் குரோவ் கார்ல் கில்பர்ட் அரிசோனாப் பள்ளத்தை ஆராய்ந்து, அதை லோனாருடன் ஒப்பிட்டு எழுதினார். ஆனால் எரிமலை சார்ந்த நீராவி வெடிப்பு என்ற முடிவுக்கே வந்துசேர்ந்தார். கூர்மையான நிலவியலாளரான அவரே அப்படி முடிவு செய்யக் காரணம், வட்டமான குழியும் உயர்ந்த விளிம்பும் வெளியே சிதறிக் கிடக்கும் கற்களும் இருவகைப் பள்ளங்களுக்கும் பொதுவாக அமைந்திருப்பதுதான். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள லோனாரின் விளிம்பில் பசால்ட் அடுக்குகள் வெளிப்புறமாகச் சாய்ந்தும், சில இடங்களில் மடிந்து தலைகீழாகவும் கிடக்கின்றன. வலுவான குறிப்புதான், ஆனால் தீர்ப்புக்கு அது போதாது.

தீர்ப்பைத் தருவது அழுத்தம். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம். நிலத்துக்கு அடியில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் பாறை தாங்கி நிற்கும் அழுத்தமே ஒரு ஜிகாபாஸ்கலை ஒட்டியதுதான். எரிமலை வெடிப்புகள் அந்த அளவைக்கூட எட்டுவதில்லை. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் விண்கல்லோ, பாறைக்குள் செலுத்தும் அதிர்ச்சி அலையால், நொடியின் மிகச் சிறு பின்னத்துக்குள் பல பத்து ஜிகாபாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்குகிறது. மேற்பரப்புக்கு அருகில் அத்தகைய அழுத்தத்தை வேறெந்த இயற்கை நிகழ்வும் உண்டாக்குவதில்லை. ஆகவே அந்த அழுத்தத்தைப் பதிவு செய்யக்கூடிய ஏதேனும் ஒரு கனிமம் பாறையில் இருந்தால் போதும். அது குவார்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

லோனார் பசால்ட்டில் அந்த வேலையைச் செய்வது அதன் முக்கியக் கனிமங்களில் ஒன்றான பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார். ஏறக்குறைய 20 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போகும்போது அதன் அணுக்கோவை குலைந்து, உருகி ஓடாமலே கண்ணாடியாகிவிடுகிறது. மாஸ்கெலினைட் என்பது அதன் பெயர். எரிந்த கயிறு முறுக்கு மாறாமல் சாம்பலாகக் கிடப்பதுபோல, படிகத்தின் வெளியுருவம் அப்படியே இருக்கும், உள்ளே படிகம் இருக்காது.

இதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சாதாரண லோனார் பசால்ட்டின் மென்சீவலில் (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த பாறைத் துண்டில்), நீண்ட பட்டை பட்டையான பிளாஜியோகிளேஸ் படிகங்கள் பசால்ட்டின் இன்னொரு கனிமமான பைராக்சீனின் மணிகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டிகளான முனைவாக்கிகள் இரண்டைக் குறுக்காக வைத்து மேடையைச் சுழற்றினால் அவை வெளுத்தும் கறுத்தும் மாறிமாறித் தெரியும். இரட்டைப் படிகக் கோடுகளும் புலப்படும். மாஸ்கெலினைட் உள்ள சீவலில் அதே பட்டைகள், அதே கூரான முனைகள். ஆனால் மேடையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பட்டைகள் கறுப்பாகவே நிற்கும், இரட்டைக் கோடுகள் காணாமல் போயிருக்கும். பக்கத்திலேயே பைராக்சீன் நொறுங்கியும் விரிசல் விட்டும் இருக்கும், ஆனால் படிகமாகவே தொடரும். வெப்பத்தால் பிளாஜியோகிளேஸ் உருகியிருந்தால் அதன் விளிம்புகள் இளகி வழிந்து, அண்டையிலுள்ள கனிமத்தோடு கலந்திருக்க வேண்டும். அந்தத் தடயம் எதுவுமில்லாமல் பட்டை மட்டும் கண்ணாடியாகியிருக்கிறதென்றால், அதைச் செய்தது அதிர்ச்சி அலைதான்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து ஏரிக்கு அடியில் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளையும், வெளியே கிடந்த சிதறல்களையும் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். ஃபிரெட்ரிக்ஸன், துபே, மில்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வரும் 1973இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் லோனாரின் தோற்றம் குறித்துத் துறைக்குள் பெரிய ஐயம் எஞ்சவில்லை. எரிமலைவாய் என்று எழுதுவோர் இன்னொன்றையும் விளக்க வேண்டியிருக்கிறது: தக்காண எரிமலைப் பெருக்கு அடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன, பள்ளமோ அதற்கு மிக மிகப் பிந்தியது. நடுவே எந்த எரிமலை அங்கே விழித்தது?

தொலைநோக்கர் மறுமொழி:

கருங்கல் ஐயா முதல் கேள்விக்கு விரிவாக எழுதிவிட்டதால் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாஸ்கெலினைட் முதன்முதலில் இனங்காணப்பட்டது எந்தப் பள்ளத்திலும் அன்று. 1865 ஆகஸ்ட் 25 அன்று இன்றைய பீகாரின் கயா மாவட்டத்தில், ஷெர்காட்டி ஊரருகே ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டு வியன்னாவுக்குப் போய்ச் சேர, குஸ்டாவ் செர்மாக் என்ற கனிமவியலாளர் 1872இல் அதை ஆராய்ந்து, ஃபெல்ட்ஸ்பாரின் உருவத்தில் இருந்த ஒரு கண்ணாடிப் பொருளை விவரித்தார்; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நெவில் ஸ்டோரி மாஸ்கெலினை நினைவுகூர்ந்து அதற்குப் பெயரும் இட்டார். ஷெர்காட்டி என்ற பெயரின் ஆங்கில வடிவத்தைக் கொண்டே ஷெர்கொட்டைட் என்று ஒரு விண்கல் வகை இன்று வழங்குகிறது. நம்மிடம் உள்ள செவ்வாய்க் கற்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை.

அவை செவ்வாயிலிருந்து வந்தவை என்பதை நிறுவியதும் அதிர்ச்சிக்குள்ளான பாறைதான் என்பதைக் கருத்தரங்கில் கட்டாயம் சொல்லுங்கள். அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு ஷெர்கொட்டைட்டில், அதிர்ச்சியால் உருகி உறைந்த கண்ணாடித் திட்டுகளுக்குள் வாயு சிறைப்பட்டிருந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அந்தக் கோளின் காற்றை அளந்திருந்தன. 1983இல் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும் கண்ணாடியிலிருந்த அரிய வாயுக்களை அந்த அளவீடுகளோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. செவ்வாயிலிருந்து அந்தக் கல்லைப் பெயர்த்தெறிந்த மோதலே, அக்கோளின் காற்றில் ஒரு துளியையும் அதற்குள் அடைத்து அனுப்பியிருக்கிறது.

செவ்வாயின் மேற்பரப்பில் பெரும்பகுதி பசால்ட். நிலவின் கரும்பகுதிகளும் அப்படியே. பூமியிலோ உறுதிசெய்யப்பட்ட ஏறத்தாழ இருநூறு மோதல் பள்ளங்களில் மிகப்பெரும்பாலானவை கிரானைட் வகைப் பாறைகளிலும் படிவுப் பாறைகளிலும் அமைந்தவை. குவார்ட்ஸைக் கொண்டு அங்கே வகுத்த அளவுகோல்கள் செவ்வாய்க்குப் பயன்படுவதில்லை. லோனாரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சூசன் கீஃபர் குழுவினர் 1976இல் லோனார்க் கற்களை அவை பட்ட அழுத்தத்தின்படி ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 20 ஜிகாபாஸ்கல் வரை விரிசல் மட்டும் கண்டவை முதல் வகுப்பு. 20 முதல் 40 வரை மாஸ்கெலினைட் கொண்டவை இரண்டாவது. அதற்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்க் கண்ணாடி இளகி ஓடவும் நுரைக்கவும் தொடங்குகிறது. 80ஐத் தாண்டினால் பாறை முழுவதுமே உருகிக் கண்ணாடியாகிறது. இதே லோனார் பசால்ட்டையும் அப்பல்லோ 17 கொண்டுவந்த நிலவுப் பசால்ட்டையும் நாசாவின் ஆய்வகத்தில் அதிவேகக் குண்டுகளால் சுட்டு, செயற்கையாக அதிர்ச்சியூட்டி, இயற்கைக் கற்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு.

சுற்றுக்கலங்களின் அகச்சிவப்புக் கருவிகளுக்கும் இது பயன்படுகிறது. பிளாஜியோகிளேஸ் கண்ணாடியாக மாறும்போது அதன் அகச்சிவப்பு நிறமாலையின் கூர்மையான அடையாளங்கள் மழுங்கிவிடுகின்றன. இதை அறியாமல் செவ்வாய்த் தரவைப் படிப்பவர், மோதலால் கண்ணாடியான பசால்ட்டை முற்றிலும் வேறொரு பாறையாகக் கணக்கிட வாய்ப்புண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் லோனார்க் கற்களின் நிறமாலையை ஆய்வகத்தில் அளந்து பதிவு செய்ததன் நோக்கம் இந்தத் தவற்றைத் தவிர்ப்பதுதான்.

வேம்படி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஷெர்காட்டிக் கதை எனக்கு முற்றிலும் புதியது. தொடர்ந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. லோனாரின் வயது ஓரிடத்தில் 52,000 ஆண்டுகள் என்றும், இன்னோரிடத்தில் 5,70,000 ஆண்டுகள் என்றும் இருக்கிறது. பத்து மடங்கு வேறுபாட்டை அவையில் எப்படிச் சொல்வது? மேலும், பசால்ட்டில் அமைந்த உலகின் ஒரே மோதல் பள்ளம் லோனார் என்று பல இடங்களில் படித்தேன். அது சரிதானா?

மணற்பாறை மறுமொழி:

இரண்டாவதற்கு விடை சுருக்கமானது: சரியன்று. பிரேசிலின் தென்பகுதியில் பரானாப் பசால்ட் பரப்பின்மீது வர்ஜெயாவ், விஸ்டா அலெக்ரே என்று மோதல் பள்ளங்கள் இருக்கின்றன. வர்ஜெயாவ் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் விட்டமுள்ளது. ஆனால் அங்கே பசால்ட்டுக்கு அடியிலிருந்த மணற்பாறை பள்ளத்தின் நடுவே மேலெழும்பிவிட்டதால், அதிலுள்ள குவார்ட்ஸிலேயே சான்று கிடைத்துவிட்டது. அவை மிகப் பழையவை, அரிப்பால் மிகவும் தேய்ந்தவை. கிண்ணம்போன்ற எளிய உருவமும், மோதலில் வெளியே வீசப்பட்ட கற்கள் படிந்த சிதறல் போர்வையும் பெரிதும் கெடாமல், பசால்ட்டுக்குள்ளேயே அடங்கிய பள்ளம் என்றால் லோனாரைத்தான் சுட்ட வேண்டும். ‘ஒரே’ என்பதை எடுத்துவிட்டு ‘மிக நன்றாகப் பேணப்பட்ட’ என்று சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

வயது கொஞ்சம் சிக்கலானது. 52,000 என்பது வெப்ப ஒளிர்வு முறையில் மோதல் கண்ணாடியை அளந்து பெற்ற எண். பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 6,000 ஆண்டுகள். 5,70,000 என்பது, பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைவதால் காலப்போக்கில் சேரும் ஆர்கானின் ஓரிடத்தான்களைக் கொண்டு ஃபிரெட் ஜோர்டான் குழுவினர் 2011இல் வெளியிட்டது. பிழை எல்லை 47,000. கண்ணாடி கடைசியாகச் சூடானதிலிருந்து அதில் சேர்ந்த கதிர்வீச்சின் அளவைத்தான் வெப்ப ஒளிர்வு முறை கணக்கிடுகிறது. சேர்ந்த ஆற்றல் நாளடைவில் கசிந்தாலோ, சேரும் இடம் நிரம்பிவிட்டாலோ வயது குறைவாகவே வரும். ஆர்கான் முறைக்கு நேர்மாறான இடர் உண்டு. மோதலுக்கு உள்ளானது ஆறரைக் கோடி ஆண்டுப் பழைய பசால்ட். அதில் அதுவரை சேர்ந்திருந்த ஆர்கான் உருகியபோது முழுவதுமாக வெளியேறாமல் கொஞ்சம் தங்கிவிட்டாலும் வயது உயர்ந்துவிடும். 2011 ஆய்வு இந்த மரபு ஆர்கானைக் கணக்கில் எடுத்துக் கழித்தே எண்ணைத் தந்திருக்கிறது என்பதால், நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். இருந்தாலும் அவையில் இரண்டையும் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கமாகப் பிழைபடக்கூடும் என்பதையும் சொல்வதே முறை. வெறுமனே இரண்டு எண்களை அருகருகே எழுதிவிட்டு ‘கருத்து வேறுபாடு உள்ளது’ என்று நகர்ந்துவிடும் கட்டுரைகள் ஏராளம்.

ஒரு நடைமுறைச் செய்தி: நேரில் போகும் எண்ணமிருந்தால், அந்த இடம் காட்டுயிர்ச் சரணாலயம் என்பதும், 2020இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும். அனுமதியில்லாமல் கல்லெடுக்கக் கூடாது. அனுமதி பெற்றவர்களும் விளிம்புச் சுவரில் சுத்தியலைப் போட்டுப் பயனில்லை. அங்கே தெரியும் அடுக்குகள் பெரும்பாலும் அதிர்ச்சிச் சுவடு இல்லாதவை. உயர் வகுப்புக் கற்கள் கிடைப்பது வெளியே பரவிய சிதறல் போர்வையின் மேல்பகுதியில்தான். இரண்டாம் வகுப்புக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணப் பசால்ட்டுக்கும் அதற்கும் வேறுபாடு சொல்வது கடினம். சீவல் செய்தால்தான் தெரியும்.

பொன்னிக்கரை கேட்டது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. காவிரிப் படுகையை ஒட்டித் தென்னிந்தியாவில் 120 கிலோமீட்டர் அளவில் ஒரு மோதல் பள்ளம் இருக்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்ததாகப் படித்தேன். இங்கே சொல்லப்பட்ட அளவுகோலில் அதை எப்படி எடைபோடுவது?

கருங்கல் மறுமொழி:

அந்தக் கருதுகோள் முன்வைக்கப்பட்டது உண்மை. உறுதிசெய்யப்பட்ட பள்ளங்களின் பட்டியலில் அது ஏற்கப்படவில்லை. இந்தியாவில் இன்று தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை லோனார், மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்திலுள்ள தாலா, ராஜஸ்தானின் ராம்கர் ஆகியவை.

உங்கள் கேள்வியில் சிக்கல் லோனாருக்கு நேர் எதிரானது. அங்கே குவார்ட்ஸ் இல்லையென்பது இடர். நம் பகுதியின் தொன்மையான நைஸ், சார்னக்கைட் ஆகிய உருமாறிய பாறைகளில் குவார்ட்ஸ் நிறைய இருப்பதும், அது பல முறை உருமாற்றத்துக்கு உள்ளாகியிருப்பதும் இடர். நிலவோட்டு அசைவுகளால் மெதுவாக நசுங்கிய குவார்ட்ஸிலும் இணைக்கோடுகள் தோன்றும். அவை சற்று வளைந்தும் அகன்றும், பெரும்பாலும் ஒரே திசையில் ஒரே தொகுதியாகவும் ஓடும். அதிர்ச்சி அலை உண்டாக்கும் தளங்கள் நேரானவை, மிக மெல்லியவை, ஒன்றுக்கொன்று சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருங்கியவை. ஒரே மணியில் பல தொகுதிகள் குறுக்கிட்டு ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிகத்தின் குறிப்பிட்ட சில தளத் திசைகளில் மட்டுமே அவை அமையும். ஆகையால் கோடுகளின் படத்தைக் காட்டுவது போதாது. சீவலை எந்தப் பக்கமும் சாய்க்கவும் சுழற்றவும் உதவும் நுண்ணோக்கியின் அனைத்துத் திசை மேடையில் வைத்து ஒவ்வொரு தொகுதியும் படிக அச்சோடு செய்யும் கோணத்தை அளந்து, அந்த அளவுகள் எதிர்பார்க்கும் கோணங்களில் குவிகின்றனவா என்று காட்ட வேண்டும்.

வட்ட அமைப்பு ஒன்று செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது என்பதற்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை. சேவத்தூர், சாமல்பட்டிப் பகுதிகளிலுள்ள காரப்பாறைத் தொகுதிகளைப் போல, அடியிலிருந்து மேலேறி உறைந்த பாறைக்குழம்பும் வளைவான உருவங்களைத் தரும், மடிப்புகளும் தரும். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பள்ளம் என்றால் மோதலில் உருகிய பாறையும், நொறுங்கிய துண்டுகள் ஒட்டிச் சேர்ந்த பிரெசியாப் பாறையும் பெருமளவில் உண்டாகியிருக்கும். அரிப்பு அவற்றை நீக்கிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் தென்னாப்பிரிக்காவின் விரேட்ஃபோர்ட் இருநூறு கோடி ஆண்டுகள் ஆகி ஆழமாக அரிக்கப்பட்ட பின்னும் அதிர்ச்சி அலை பாறையில் உண்டாக்கும் கூம்பு விரிசல்களையும் அதிர்ச்சிக் குவார்ட்ஸையும் தக்கவைத்திருக்கிறது. இங்கேயும் யாராவது அத்தகைய கோண அளவீடுகளோடு வந்தால் பட்டியலில் இடம் கேட்கலாம்.